உறங்க விடாத கைப்பேசி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இளைய தலைமுறையினரின் கைப்பேசிப் பழக்கமும் உடல்நலமும் குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களிடம் கேட்டிருந்தோம். ஒரே பொருளில் அமைந்த கடிதங்களை ஒன்றாக்கி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து இங்கே வெளியிடுகிறோம். இளம்பருவத்தினருக்குச் சிகிச்சை அளித்துவரும் பொது மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பத்து மணிக்கே படுத்துவிடுகிறான். ஆனால் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் ஒரு மணி வரை தெரிகிறது. காலையில் எழுப்புவது பெரும்பாடாக இருக்கிறது. வகுப்பில் தூங்கி வழிவதாக ஆசிரியர் சொல்கிறார். அடிக்கடி தலைவலி என்கிறான். அவன் அப்பா கோபத்தில் ஒரு முறை போனை உடைத்துவிட்டார். அன்றிலிருந்து அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் பயன் இருக்குமா?
– ஒரு தாய், நாமக்கல்

அம்மா, அந்தக் கண்ணாடி வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைப் பரிசீலித்து, நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் சாதாரணக் கண்ணாடிகளைவிடக் கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும், உறக்கத்துக்கு உதவுகின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் தெரிவித்தது. அந்தப் பணத்தில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம் விழித்திரையில் பொருள்களைப் பார்க்க உதவும் செல்களோடு, இது பகலா இரவா என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் செல்களும் இருக்கின்றன. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்னும் நிறமி, 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலஒளியால் மிகுதியாகத் தூண்டப்படுகிறது. இரவில் அத்தகைய ஒளி கண்ணில் படும்போது, உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. பதின்பருவத்தில் இந்தச் சுரப்பு, சிறு பிள்ளைகளுக்குத் தொடங்குவதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகவே தொடங்குகிறது என்பதால், பதினாறு வயதுப் பையன் ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை என்று நம்புங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் ஒளியின்மீது போட்டுவிட முடியாது. பாஸ்டன் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிடும்போது மெலடோனின் பாதிக்கும் மேல் குறைந்தது. இருந்தும் அவர்கள் உறங்கத் தொடங்குவதில் ஏற்பட்ட தாமதம் ஏறத்தாழ பத்து நிமிடங்கள்தாம். உங்கள் மகன் இழப்பதோ மூன்று மணி நேரம். எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொள்வது, திரையில் ஓடுகின்ற முடிவில்லாத காணொளி வரிசை. புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முடியும். தொலைக்காட்சித் தொடரில் 'தொடரும்' என்று வரும். ரீல்ஸில் மட்டும் கையை எடுக்கச் சொல்லும் இடமே இல்லை. அடுத்து வருவது நன்றாக இருக்குமோ இருக்காதோ என்ற நிச்சயமின்மைதான் விரலை மீண்டும் மீண்டும் தள்ள வைக்கிறது. இந்த அமைப்பைத் திட்டமிட்டு உருவாக்கியவர்கள் அனுபவம் மிக்க பொறியாளர்கள் என்பதை நினைவில் கொண்டால், நம் பிள்ளையின் மனவுறுதிக் குறைவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு அநியாயம் என்று விளங்கும்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பகலில் படித்தது நினைவில் படிவது உறக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். ஐந்து மணி நேரம் மட்டுமே உறங்கும் பிள்ளைக்கு மறுநாள் கவனம் சிதறும், எரிச்சல் வரும், இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் அளவுக்கு மீறித் தேவைப்படும். கைப்பேசியால் இளைஞர்களுக்கு என்னென்ன கெடுதி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அது அவர்களுக்குத் தருகிற தீங்கைவிட, அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிற உறக்கமும் வெயிலும் நடமாட்டமுமே பெரிய இழப்பு. ஆகவே எத்தனை மணி நேரம் பார்த்தான் என்று எண்ணுவதற்கு முன், எத்தனை மணி நேரம் உறங்கினான் என்று எண்ணுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜில் இருக்கட்டும். 'காலையில் எழ அலாரம் வேண்டும்' என்ற காரணம் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும் என்பதால்தான் கடிகாரம் வாங்கச் சொன்னேன். விடுமுறை நாளிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறக் கூடாது. எழுந்தவுடன் சற்று நேரம் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நிற்கட்டும். இரவில் தூக்கம் உரிய நேரத்துக்கு வர அது உதவும். தலைவலிக்கு உறக்கக் குறைவு காரணமாக இருக்கலாம் என்றாலும் கண் பரிசோதனை ஒன்று அவசியம். காலையில் தலைவலியோடு வாந்தி வந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போனை உடைத்தது குறித்து உங்கள் கணவர் மகனிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பது என் கருத்து. தந்தையின் மதிப்பு அதனால் குறையாது. பேச்சு நின்றுபோன வீட்டில் எந்த விதியும் இரண்டு நாளைக்கு மேல் நிலைக்காது.

ஒன்பது வயது மகளுக்கு ஒன்றரை ஆண்டில் கண்ணாடி பவர் மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் இரண்டரைக்கு ஏறிவிட்டது. கண்ணாடி போடப் போடப் பவர் ஏறும் என்று மாமியார் சொல்கிறார். பொன்னாங்கண்ணிக் கீரை கொடுத்துவருகிறோம். செல்போன்தான் காரணமா?
– ஒரு தாய், திருப்பூர்

பிறக்கும்போது சிறிதாக இருக்கும் கண்விழி, வளர வளர முன்பின்னாக நீண்டு, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் ஆகிறது. இந்த நீளம் அளவோடு நிற்காமல் கூடிவிட்டால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. இதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே பவர் இரண்டரை முதல் மூன்று வரை ஏறும். நீண்ட கண் மீண்டும் குறுகாது. மைனஸ் ஆறுக்கு மேல் சென்றவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகுதல், கண் அழுத்த நோய் போன்றவை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இதை வெறும் கண்ணாடி மாற்றும் செலவாக எண்ணிவிடக் கூடாது.

கைப்பேசி மட்டும் காரணமா என்றால், இல்லை. பெற்றோரின் பார்வை, நெருக்கத்தில் வைத்துப் பார்க்கும் எல்லா வேலையும், வெளிச்சத்தில் விளையாடாமை ஆகிய மூன்றும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. புத்தகத்தைச் சாதாரணமாக 30 முதல் 40 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் படிக்கும் பிள்ளை, கைப்பேசியை அதைவிட நெருக்கமாக, இமைக்காமல், மணிக்கணக்கில் பார்க்கிறது என்பதுதான் அதன் தனிக் குற்றம். அதே காணொளியைச் சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு சுமை இல்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் செலவில்லாத இந்தத் தடுப்பு முறை நம் ஊரில் பலருக்குத் தெரியவில்லை. விளக்கு எரியும் வகுப்பறையில் ஒளியின் அளவு சில நூறு லக்ஸ்தான். வெயில் நாளில் வெளியே பத்தாயிரம் லக்ஸுக்கும் மேல். பிரகாசமான ஒளியில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள், கண்விழி நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், பாதிப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியே விளையாட விட்டார்கள். மூன்று ஆண்டுகளின் முடிவில் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கும், மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. தைவான் 2010 முதல் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடங்கள் வெளியே இருக்க வேண்டும் என்பதைப் பள்ளிகளின் வழியாகவே வலியுறுத்திவருகிறது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நம் ஊரில், பிள்ளைகளை அறைக்குள் அடைத்துவைத்து இந்த நோயை நாமே வளர்க்கிறோம் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. கண்ணாடியைத் தவிர்ப்பதாலோ, பவரைக் குறைத்துப் போடுவதாலோ நோய் நிற்காது. பிள்ளைக்கு வகுப்பில் எழுத்து தெரியாமல் போவதுதான் மிச்சம். கீரையைத் தாராளமாகக் கொடுங்கள், அது உடலுக்கு நல்லது. மாலைக்கண் வராமல் காக்கும் சத்து அதில் உண்டு. ஆனால் நீண்டுவிட்ட கண்ணை அது குறைக்காது. ஏற்கெனவே பவர் வந்துவிட்ட குழந்தைக்கு வெளிச்சம் மட்டும் போதாது என்பதால், கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டுப் பவர் பரிசோதனை செய்து, குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தோ, பவர் ஏறுவதைக் குறைப்பதற்கென்றே வந்திருக்கும் கண்ணாடிகளோ உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஒன்றரை ஆண்டில் ஒன்றரைப் பவர் என்பது வேகமான ஏற்றம். அடுத்த பரிசோதனைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டாம், ஆறு மாதத்தில் செல்லுங்கள்.

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி. பைக் ஆக்சிலேட்டரைத் திருகினால் உயிர் போகிறது. கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, இது கேலிக்குரியதன்று. கட்டைவிரலை மடக்கி மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொண்டு, மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் சுரீரென்று வலித்தால், அங்குள்ள தசைநாண்களின் உறை வீங்கியிருக்கக் கூடும். சுவிஸ் நாட்டு அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் 1895-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய் இது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடம் அதிகம் காணப்படும் இந்த வலி, ஒரே கையில் கைப்பேசியைப் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் ஓயாமல் தட்டச்சு செய்பவர்களுக்கும் வருகிறது. சில வாரங்களுக்கு அந்த விரலுக்கு ஓய்வு கொடுங்கள். நீண்ட செய்திகளைக் குரல்வழியாக அனுப்புங்கள். போனை மேசைமேல் வைத்து ஆள்காட்டி விரலால் இயக்குங்கள். குறையவில்லை என்றால் எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள்; கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டையிலேயே பலருக்குக் குணமாகிவிடும்.

கழுத்தைப் பொறுத்தவரை, நிமிர்ந்து நிற்கும்போது ஐந்து கிலோ அளவில் இருக்கும் தலையின் சுமை, 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்புக்கு 27 கிலோ அளவுக்கு உயர்வதாக 2014-இல் ஒரு கணினி மாதிரி கணித்தது. மனிதர்களிடம் நேரடியாக அளந்து பெற்ற எண் அன்று என்பதால் நான் இதை அளவோடு எடுத்துக்கொள்கிறேன். குனிந்தால் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துவதைவிட, ஒரே நிலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள் என்று சொல்வதே பயனுள்ளது. கை மரத்துப்போவது, பிடிமானம் தளர்வது போன்றவை இருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம்.

பேத்தி தலையணைக்கு அடியில் போனை வைத்துத் தூங்குகிறாள். கதிர்வீச்சால் மூளையில் புற்றுநோய் வரும் என்கிறார்களே?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

ஐயா, கைப்பேசியிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ் கதிரைப் போல மரபணுவை உடைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. 2011-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆதாரம் வரம்புக்கு உட்பட்டது என்ற குறிப்போடு, இதைப் 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற பட்டியலில் வைத்தது. அந்தச் செய்திதான் இன்றும் சுற்றிவருகிறது. அதன்பின் அந்த அமைப்பு கேட்டுக்கொண்டபடி மேற்கொள்ளப்பட்டு 2024-இல் வெளியான விரிவான மறுபரிசீலனையில், கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளிலிருந்து உடல் ஏற்கும் கதிர்வீச்சுக்கு, 2012 முதல் ஒரு கிலோ உடல் திசுவுக்கு 1.6 வாட் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. ஆனாலும் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுக்கச் சொல்லுங்கள். சார்ஜில் இருக்கும் போன் துணிக்கு அடியில் சூடேறுவது ஆபத்து. நடுஇரவில் அது ஒலிக்கும்போதெல்லாம் அவள் தூக்கமும் கலைகிறது.

எந்நேரமும் இயர்போன் போட்டிருக்கும் மகனுக்குக் காதில் 'ஙொய்' என்ற சத்தம் கேட்கிறதாம்.
– ஒரு தந்தை, வேலூர்

உள்காதில் ஒலியை நரம்புக்கு மாற்றித் தரும் நுண்மயிர்ச் செல்கள் சிதைந்தால் மீண்டும் முளைக்காது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். ஒலி மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பேருந்து இரைச்சலை மிஞ்சுவதற்காகப் பாட்டை உச்சத்தில் வைப்பதுதான் பெரும்பாலும் காதைக் கெடுக்கிறது. உங்கள் மகனுக்கு இரைச்சல் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால், இயர்போனை நிறுத்திவிட்டு இந்த வாரமே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறன் பரிசோதனை செய்யுங்கள்.

எனக்கு 17 வயது. இன்ஸ்டாகிராமில் தோழிகளின் படங்களைப் பார்த்தால் நான் மட்டும் அழகில்லாதவள், யாருக்கும் வேண்டாதவள் என்று தோன்றுகிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அழுதுகொண்டே தூங்குகிறேன். அம்மாவிடம் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்.
– ஒரு மாணவி, திருநெல்வேலி

மகளே, இதை எழுத உனக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்பது புரிகிறது. எழுதியது நல்ல காரியம். நீ பார்க்கும் படங்கள் பலவற்றில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஃபில்டர் போட்டு, நிறம் மாற்றி வெளியானவை. அவற்றை உன் கண்ணாடியில் தெரியும் முகத்தோடு ஒப்பிட்டு நீ உனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறாய். இது அறிவுக்குத் தெரிந்தாலும் மனத்துக்கு உறைக்காது என்பதால், இதைச் சொல்லிவிட்டு என் பதிலை முடித்துக்கொள்ள மாட்டேன்.

சமூக ஊடகம் மனச்சோர்வைத் தருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான இளம்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து, திரைப் பயன்பாடு அவர்களின் மனநலத்திலுள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டையே விளக்குகிறது என்றார்கள். 2023-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிவுரையோ, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பதின்பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் வரும் வாய்ப்பு இருமடங்கு என்றது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதையே தடுத்திருக்கிறது. எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரியில் சிறியதாகத் தெரியும் பாதிப்பு, உன்னைப் போன்ற ஒரு பெண்ணுக்கு மிகப் பெரியதாக இருக்கக்கூடும் என்பது நான் நோயாளிகளிடம் கண்டது. ஆகவே உன் துயரத்தை நான் முழுமையாக நம்புகிறேன்.

உன்னைச் சுருங்கச் செய்யும் கணக்குகளை இன்றே மியூட் செய். தோழமையை முறிக்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. செயலியை இரவில் திறக்காதே; களைத்த மனம் எதையும் இரண்டு பங்கு கறுப்பாகவே பார்க்கும். அந்தத் தோழிகளில் ஒருத்தியை நேரில் சந்தித்துப் பேசு. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் துயரம், பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால், இரவு எத்தனை மணி என்று பாராமல் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசு. கட்டணம் இல்லை.

உன் அம்மாவுக்கும் ஒரு வரி. பிள்ளை மனம் திறந்து பேசியதற்குத் தண்டனையாகப் போன் பறிபோகும் என்றால், அடுத்த முறை அவள் பேச மாட்டாள்.

மகனுக்கு 19 வயது. கல்லூரிக்குப் போவதில்லை; பகலில் தூக்கம், இரவு முழுவதும் ஆன்லைன் கேம். என் வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் எடுத்திருக்கிறான். இது நோயா, திமிரா?
– ஒரு தந்தை, சேலம்

நோயாக இருக்கக்கூடும். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'விளையாட்டுக் கோளாறு' தனி நோயாக இடம்பெற்றுள்ளது. எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போதல், படிப்பு, உணவு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு அமைதல், கெடுதல் நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் இந்நோய் எனலாம். ஒரு விடுமுறை முழுக்க விளையாடிய பையனுக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. உங்கள் மகனின் நிலை அதைக் கடந்துவிட்டதாகத் தெரிகிறது.

விளையாட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் சிகிச்சையின் பாதி. கல்லூரியில் தேர்வில் தவறியதைச் சொல்ல முடியாத வெட்கம், நெடுநாள் மனச்சோர்வு, சிறுவயதில் கண்டறியப்படாத கவனக்குறைவுக் கோளாறு, ஆட்களோடு பழக அச்சம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பல நேரங்களில் அடியில் இருக்கும். வெளியே தோற்றுப்போன பிள்ளை வெற்றி கிடைக்கிற ஓர் இடத்தில் போய் ஒளிந்துகொள்கிறான். இணைப்பை ஒரே நாளில் துண்டித்தால் சிலர் வீட்டில் வன்முறையில் இறங்குவார்கள், சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள் என்பதால், மருத்துவரின் துணையோடு நேரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். தென்கொரியா 2011-இல் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆன்லைன் கேம் ஆடுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது; பத்தாண்டுக்குப் பின் அதைக் கைவிட்டது. பூட்டு மட்டும் போதவில்லை.

வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் யுபிஐ ரகசிய எண்ணையும் இன்றே மாற்றுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. எனவே எந்தச் செயலிக்குப் பணம் போனது என்பதை அறிந்து, தேவையானால் சைபர் குற்றப் பிரிவில் 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதன் மனநலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்கிவருகிறது. அவன் வர மறுத்தால் முதல் முறை நீங்களும் உங்கள் மனைவியும் மட்டுமாவது சென்று ஆலோசனை பெறுங்கள்.

இரண்டே கால் வயதுக் குழந்தை போன் காட்டினால்தான் சாப்பிடுகிறது. இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. நான் வேலைக்குப் போகிறவள். வேறு வழி தெரியவில்லை.
– ஒரு தாய், சென்னை

இளைஞர்களைப் பற்றிய பகுதி என்றாலும், பழக்கம் தொடங்குவது இங்கேதான் என்பதால் இக்கடிதத்தையும் எடுத்துக்கொண்டேன். நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். கையுதவி இல்லாத வீட்டில் தாய் வேறு என்ன செய்வாள்? இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம், இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வரை பெரியவர் உடனிருக்க ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் அறிவுறுத்துகிறது. குழந்தை பேச்சைக் கற்பது எதிரே இருப்பவர் தன் மழலைக்குப் பதில் சொல்வதால். கைப்பேசி பாடும், பதில் சொல்லாது. சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துவிட்டால் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடும். பசி அதை மீட்டுக் கொண்டுவரும். ஆனால் பேச்சுத் தாமதத்தைப் போனின்மீது மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. முதலில் கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். பிறகு வளர்ச்சி மதிப்பீடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில்தான் அனுப்புகிறோம். 'நீங்கள்தானே போனைக் கையில் கொடுத்தீர்கள்' என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரிதானா?
– ஓர் ஆசிரியர், விழுப்புரம்

பாதி சரி. கொரோனா காலத்தில் வேறு வழியின்றித் தொடங்கிய வழக்கம், பள்ளிகள் திறந்த பின்னும் வசதி கருதி நீடிக்கிறது. கிராமப்புற இந்தியாவின் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கையின்படி, 2024-இல் 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு மேல் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். அவர்களில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் படிப்புக்காகவும், 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்காகவும் அதைப் பயன்படுத்தியதாகக் கூறியிருக்கிறார்கள். வீட்டுப்பாடம் பார்க்கத் திறந்த போன் எங்கே போய் நிற்கும் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் அனுப்பும் ஒரு படம், அந்த வீட்டில் பத்து மணிக்குப் போனை ஒதுக்கி வைக்க முயலும் தாயின் கையைக் கட்டிப்போடுகிறது.

வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நாட்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பெற்றோருக்கான அறிவிப்புகளை மட்டும், மாலை ஆறு மணிக்குள், பெற்றோரின் எண்ணுக்கு அனுப்புங்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. திருப்பூர்த் தாய்க்கு நான் சொன்ன 40 நிமிட வெளிச்சம் பல பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அந்தப் பாடவேளைதான். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசிப் பாருங்கள்.